ரத்தம் கக்கிய ஆறரை சென்ட்

மனிதனுக்கு நாடி பார்ப்பார்கள். மாட்டுக்குக்கூடப் பார்ப்பார்கள். பூமிக்கு நாடி பார்க்கிற ஒரே ஆள் திருப்பூருக்குத் தெற்கே, உடுமலை போகிற ரோட்டில், ஒரு தென்னந்தோப்புக்குள் உட்கார்ந்திருந்தார். பெயர் பூமிநாடிச் சாமி. வெள்ளிக்கிழமை ஆனால் ரோட்டின் இரண்டு பக்கமும் கார்கள் நிற்கும். இளநீர் விற்பவர், செருப்புக்கு டோக்கன் கொடுப்பவர், சாமி படம் போட்ட சாவிக்கொத்து விற்பவர் என்று தோப்பு வாசலில் ஒரு சின்ன ஊரே முளைத்துவிட்டது.

வந்தவர்கள் எல்லாருடைய கையிலும் ஒரு பிடி மண் இருந்தது. வீடு கட்டப்போகிற சைட்டில் அள்ளியது. பனியன் ஊர் அல்லவா? பனியன் போடுகிற பிளாஸ்டிக் கவரிலேயே கொண்டு வந்திருந்தார்கள்.

"சாமி, அவசரத்துல டபுள் எக்ஸெல் கவர்ல கொண்டாந்துட்டனுங்க. குத்தமாயிருங்களா?"

"மண்ணுக்கு சைஸ் இல்லை கண்ணு" என்றார் சாமி.

கூட்டம் அந்த வாக்கியத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. ஒருவர் உடனே அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார்.

சோதனை முறை எளிமையானது. சாமிக்கு வலப்பக்கம் ஒரு வெள்ளைத் துணி அடுக்கு, இடப்பக்கம் ஒரு வெள்ளைத் துணி அடுக்கு. இரண்டும் மந்திரித்த பனியன் துணி. ஒரு துண்டை எடுத்து, மண்ணை அதில் கொட்டி, முடிச்சுப் போட்டுத் தாம்பாளத்தில் வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு, மூட்டையின் மேல் கட்டைவிரலை வைத்து நாடி பார்ப்பார். பிறகு செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார். துணி மஞ்சளாகவே இருந்தால் மங்களம், அஸ்திவாரம் தோண்டலாம். துணி சிவந்துவிட்டால் தொலைந்தது. மண் ரத்தம் கக்குகிறது என்று அர்த்தம். அங்கே கொலையோ தற்கொலையோ நடந்திருக்கிறது; குறைந்தபட்சம் ஒரு நல்லபாம்பாவது அடிபட்டிருக்கிறது.

ஏன் இரண்டு அடுக்கு என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதற்குப் பெயர்தானே பக்தி!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கூட்டத்தில் பாதிப் பேர் சாயப்பட்டறையிலும் பனியன் கம்பெனியிலும் தலை நரைத்தவர்கள். நீலத்தில் முப்பது நீலம் பிரிக்கிற கண்கள். துணி சிவந்ததும் அவர்களும் நடுங்கத்தான் செய்தார்கள். நடுங்கிக்கொண்டே தொழிலையும் பார்த்தார்கள்.

"மெரூன் அடிக்குதுங்களே."

"மெரூன் இல்லீங்க, பிரிக் ரெட். மெரூனுக்கு இன்னும் டெப்த் வேணும்."

"டெப்த் கம்மின்னா அது பாம்பு ரத்தமுங்க. மனுச ரத்தம்னா டார்க் ஷேடு" என்று மூன்றாவது ஆள் தீர்ப்புச் சொன்னார்.

இந்தக் கூட்டத்தில்தான் சத்யப்பிரியா, கணவன் ராஜவேலுடன் கையில் ஒரு மீடியம் சைஸ் கவரை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அவளுக்கு வீடு என்றால் சத்தம். ராயபுரத்தில் கீழே பனியன் துணி பின்னுகிற ராஜவேலின் நிட்டிங் யூனிட், மேலே குடித்தனம். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் காலுக்குக் கீழே தரை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. அலமாரியில் வைத்த டம்ளர் விடிவதற்குள் விளிம்புவரை நடந்து வந்திருக்கும். தோசை மாவைத் திறந்து வைத்தால் பஞ்சு விழும். கணவனும் மனைவியும் ரகசியம் பேசுவதென்றால் கத்தித்தான் பேச வேண்டும். அதற்குப் பக்கத்து அறையிலிருந்து மாமியார் ஜானகியம்மாள் பதில் சொல்வார். மழை பெய்கிறது என்பதே, கொடியில் காய்ந்த துணி நனைந்த பிறகுதான் சத்யப்பிரியாவுக்குத் தெரியவரும்.

அதனால் அவள் வீடு வரைந்தாள். பனியன் மடிக்கும்போது உள்ளே வைக்கிற அட்டைகளின் பின்பக்கத்தில் வருஷக்கணக்காக வரைந்தாள். சமையலறை இடம் மாறும், மாடிப்படி திசை மாறும். ஒன்று மட்டும் மாறாது. படுக்கையறை ஜன்னலுக்கு மேலே ஒரு சின்னத் தகரச் சரிவு.

"தகரம் எதுக்குங்கக்கா?" என்று கேட்டார் பிளான் போட வந்த எஞ்சினியர்.

"சத்தத்துக்குங்க."

"சத்தம் ஆகாதுன்னுதானுங்களே ஊடே கட்டறீங்க?"

"அது மிஷின் சத்தம். இது மழைச் சத்தமுங்க."

பல்லடம் ரோட்டைத் தாண்டி ஆறரை சென்ட் வாங்கியிருந்தார்கள். மூலை சைட். சத்யப்பிரியாவின் சீர் நகைகள் மண்ணாக மாறிய இடம் என்பதால் பத்திரமும் அவள் பெயரிலேயே இருந்தது. நாளை மேஸ்திரி வந்து அஸ்திவாரத்துக்குக் கயிறு பிடிக்கலாம் என்கிற நிலையில்தான் ராஜவேலுக்கு யாரோ பூமிநாடிச் சாமியைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள்.

சாமி கவரை வாங்கினார். மண்ணை முகர்ந்தார்.

"சைட்டு எங்க இருக்குது அம்மணி?"

சொன்னாள்.

"மூலை சைட்டா? முன்னால ரோடு எத்தனை அடி?"

ராஜவேல் பெருமையாகச் சொன்னான். பூமிக்கு நாடி பார்க்க ரோட்டின் அகலம் எதற்கு என்று சத்யப்பிரியாவுக்கு ஒரு கணம் தோன்றியது. டாக்டர்கூட வயதைக் கேட்கிறாரே என்று சமாதானமும் அவளே சொல்லிக்கொண்டாள். சாமியின் கை காற்றில் சற்று மிதந்தது. பிறகு இடப்பக்க அடுக்குக்குப் போனது.

மஞ்சள் தண்ணீர் விழுந்தது. துணி சிவந்தது.

"ஒரு பொம்பளை" என்றார் சாமி, கண்ணைத் திறக்காமல். "நெறமாச கர்ப்பிணி. இந்த மண்ணுலதான் கெடக்கறா. அவ எடத்துல இன்னொரு பொம்பளை அடுப்புப் பத்த வெக்க வுடமாட்டா."

சத்யப்பிரியா அழுதாள். அதை மறைப்பானேன்? அட்டையில் வரைந்த சமையலறை மேடையில் யாரோ ஒருத்தி ஈரத் தலையோடு உட்கார்ந்திருப்பது போல அவளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். ஆயம்மாள் என்று பெயர், ஓவர்லாக் மிஷினில் தைப்பவள்.

"அழுகாத கண்ணு. என்ற சைட்டும் இப்படித்தான் ரத்தம் கக்குச்சு. சாமி புண்ணியத்துல வித்துப்போட்டுத் தப்பிச்சனுங்க. அந்தா நிக்கறாரே தீனதயாளன், அந்த புரோக்கர்தான் வாங்கிக்கிட்டாரு. இப்ப அதுல அபார்ட்மெண்டு நிக்குது. பாவம், எத்தனை பேரு சாகப் போறாங்களோ! ரெண்டு வருசமா ஒருத்தரும் சாகலை. அதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்குது."

ராஜவேல் அழவில்லை. அவன் தொழில்காரன். ஈரம் காயாத அந்தத் துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேராக யூனிட்டுக்கு வந்தான். அங்கே ஷேடு பார்க்கிற விளக்குப் பெட்டி ஒன்று உண்டு. வெளிநாட்டில் வாங்குகிற பையருக்கு அனுப்புகிற துணியைப் பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், மஞ்சள் பல்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற பெட்டி. ராஜவேல் ரத்தத்தை அதற்குள் வைத்தான். சுவிட்சை மாற்றினான். குனிந்தான். நிமிர்ந்தான்.

"அம்மா! மூணு லைட்டுலயும் ஒரே ரெட்டு! சாயமா இருந்தா ஷேடு மாறோணும். மாறவே இல்லை. இது அசல் ரத்தம்!"

தோப்பில் நடந்ததையெல்லாம் மருமகளிடம் கேட்டுக்கொண்டு, ஜானகியம்மாள் படியிறங்கி வந்து பார்த்தார். முருகனைத் தவிர யாரையும் கும்பிடாதவர். முருகனையும் அவ்வப்போது திட்டுகிறவர்.

"ஏண்டா, செத்துப் போனவ ரத்தத்துக்கு பையர் அப்ரூவலா வாங்கற?"

"வெளையாடாதீங்கம்மா. சாமி சக்தியுள்ளவரு."

"எனக்கு முருகன் இருக்கறான். அவன் இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட ரோடு எத்தனை அடின்னு கேட்டதில்லை."

பரிகாரம் நடந்தது. சைட்டின் நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் புதைத்தார்கள். சாமியின் ஆட்கள் வந்து பூசணிக்காய் உடைத்தார்கள். பிறகு மறுபடியும் ஒரு பிடி மண், மறுபடியும் இடப்பக்க அடுக்கு, மறுபடியும் மஞ்சள் தண்ணீர். இந்த முறை சிவப்பு கொஞ்சம் வெளுத்திருந்தது.

"அரை ஷேடு எறங்கியிருக்குதுங்க சாமி!" என்று ராஜவேல் சந்தோஷத்தில் கத்தியேவிட்டான்.

சாமி சிரிக்கவில்லை. "எறங்கும் கண்ணு, நிக்காது. கூரைக்குக் கான்கிரீட் போடற அன்னைக்கு அந்த ஊட்டுத் தலையை அவ எடுத்துக்குவா."

ஊட்டுத் தலை தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துத் தீனதயாளன் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனா, முகத்தில் இழவு வீட்டுக்கு வந்த துக்கம்.

"கேட்டதும் மனசு பொறுக்கலீங்க ராஜவேலு. அந்தப் பாவத்தை நான் தலையில போட்டுக்கறேன். வெலை மட்டும் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். உசுரு பெருசுங்களா, சென்ட்டு பெருசுங்களா?"

"உங்க தலைக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?" என்றாள் சத்யப்பிரியா.

"நான் எங்கீங்க தங்கச்சி ஊடு கட்டப்போறேன்? சும்மா வேலி போட்டு மண்ணை ஆற வுடுவேன்."

மண் ஆறினால் அபார்ட்மெண்ட் முளைக்கும் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். ஆசையே சுக்குநூறாகிக் கிடந்ததில் வாதாடத் தோன்றவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தோப்பிலேயே ஒப்பந்தக் கையெழுத்து என்று முடிவானது. அதற்கு முன்னால் ஒரு விடைபெறும் சோதனை உண்டாம். விற்கிற மண்ணிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டுமாம். பத்திரம் யார் பெயரிலோ அவர் கையாலேயே கடைசிப் பிடி மண் அள்ளி வர வேண்டும்.

ராஜவேல் இரண்டு ரத்தத் துணிகளையும் சமையலறை ஆணியில் மாட்டி வைத்திருந்தான். அட்டையில் துளை போட்டு, 'ஃபர்ஸ்ட் டெஸ்ட்', 'செகண்ட் டெஸ்ட்' என்று எழுதிக் கட்டியிருந்தான். தொழில் பழக்கம். அது அவள் வீடு வரைந்த அட்டை என்பதை அவன் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். முதல் துணியின் கழுத்தில் அவளுடைய தகரச் சரிவு தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானத்துக்கு எலுமிச்சம்பழச் சாதம். அட்டையைப் பார்த்த எரிச்சலில் பழத்தைக் கொஞ்சம் அழுத்தியே பிழிந்துவிட்டாள். சாறு தெறித்தது. சுவரில், கையில், ரத்தத் துணியில்.

துணியில் தெறித்த இடமெல்லாம் மஞ்சள் புள்ளி.

சத்யப்பிரியா ஒரு புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு பாதிப் பழத்தை எடுத்துத் துணியின் மேலேயே பிழிந்தாள். நிறைமாதக் கர்ப்பிணியின் ரத்தம் அவள் கண்ணெதிரே மஞ்சள் தண்ணீராகிச் சொட்டியது.

சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடியே யோசித்தாள். எங்கோ பார்த்த சிவப்பு. எங்கே? ஒவ்வொரு வாரமும் துவைக்கிற கல்லில்! குழம்பு சிந்திய சட்டையில் சோப்பைத் தேய்த்ததும் மஞ்சள் கறை பளிச்சென்று சிவக்குமே, அந்தச் சிவப்பு. உலகத்தில் துணி துவைக்கிற எல்லாருக்கும் தெரிந்த சிவப்பு. அவள் ஒரு பழைய பனியனை எடுத்தாள். சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி வெயிலில் போட்டாள். காய்ந்ததும் வெள்ளையாகவே இருந்தது. மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கொலை விழுந்தது போல இருந்தது.

ராஜவேலைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் பார்த்தான்.

"சோடாவுல உனக்கு வருது. அதுக்காக சாமியும் சோடாவுலதான் பண்றாருன்னு ஆயிருமா?"

கேள்வி நியாயமாக இருந்ததுதான் அவளுக்கு எரிச்சல்.

"அப்ப எலுமிச்சம்பழம் பட்டதும் சாமி துணியில ரத்தம் போயிருச்சே, அது எப்படீங்க?"

"அதனாலதான் பெரியவங்க எலுமிச்சம்பழத்தைப் பரிகாரத்துக்கு வெச்சாங்க!" என்றான் ராஜவேல், கண்கள் விரிய.

பயந்துபோன மனிதனிடம் நியாயம் பேசுவது ஓடுகிற மிஷினில் நூல் கோர்க்கிற மாதிரி. விரல்தான் போகும். அவன் தலையைத் தடவிக்கொண்டே கீழே இறங்கிப் போனான். ஜானகியம்மாள் மருமகள் அருகே வந்தார். அந்த வீட்டில் அபூர்வமாகத் தணிந்த குரலில் பேசினார்; ஞாயிறு என்பதால் மிஷின் ஓடவில்லை.

"ஊட்டுக்குள்ள சொன்னா அவனுக்கு ஏறாது கண்ணு. நாலு பேரு முன்னால சொல்லோணும். வெள்ளிக்கெழமை நானும் வர்றேன். என்ற முருகனுக்குப் போட்டி யாருன்னு பாக்கோணும்."

வெள்ளிக்கிழமை வந்தது. தோப்பை ஒட்டி சாமி தனக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். மூன்று மாடி. பூமிக்கு நாடி பார்த்த களைப்பில் ஏறி இறங்க முடியாது என்று லிஃப்டுக்கும் இடம் விட்டிருந்தார். "என்ற மண்ணு பசுமஞ்சள். தேவர்கள் நடந்த மண்ணு" என்று அவர் சொல்வதைப் பக்தர்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். சத்யப்பிரியா செருப்பை விடப் போவது போல அந்தப் பக்கம் போனாள். வாசற்படிக்குத் தோண்டிய குழியிலிருந்து ஒரு பிடி அள்ளி மீடியம் சைஸ் கவரில் போட்டுக்கொண்டாள். அவள் சைட்டின் மண்ணைப் போலவே அதுவும் செம்மண்தான். அந்தப் பக்கமெல்லாம் அதே மண்.

தாம்பாளத்துக்கு இந்தப் பக்கம் ராஜவேல், அந்தப் பக்கம் ஒப்பந்தத் தாளோடு தீனதயாளன். பேனா மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார்.

சாமி கவரை வாங்கினார். இந்த முறை கை மிதக்கவில்லை. நேராக இடப்பக்கம் போனது. முடிச்சு, கட்டைவிரல், மஞ்சள் தண்ணீர். துணி அடர்ந்த சிவப்பாயிற்று. கூட்டம் "ஐயோ" என்றது. பின்வரிசையில் யாரோ, "சுத்த மெரூனுங்க" என்று முணுமுணுத்தார்.

"பாத்தியா அம்மணி? போறதுக்கு முன்னால எப்படிக் கதறுறா பாரு. இந்த மண்ணுல கால் வெக்கறவன் குடும்பத்தோட அழிஞ்சு போவான். கையெழுத்துப் போட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிரு."

"சாமி, இந்த மண்ணுலயே ஒருத்தர் மூணு மாடி கட்டுனா என்னுங்க ஆகும்?"

"மூணு மாடியா? மூணு பொணம் விழும்!"

"அப்ப உடனே வேலையை நிறுத்தச் சொல்லுங்க. இது எங்க சைட்டு மண்ணு இல்லீங்க. உங்க புது ஊட்டு வாசல்ல அள்ளுனது."

இளநீர் வெட்டுகிற சத்தம்கூட நின்றது. இரண்டு பக்தர்கள் எழுந்து போய்க் குழியை எட்டிப் பார்த்தார்கள். செம்மண்ணில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

சாமி லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒரு கண்ணைத்தான் இமைத்தார்.

"கள்ள மனசோட அள்ளுனா எந்த மண்ணும் கோவத்துல செவக்கும்!"

கூட்டம் தலையாட்டியது. தலையாட்டிப் பழகிய தலைகள், சட்டென்று நிற்காது. ராஜவேல்கூடத் தலையாட்டிவிட்டுப் பாதியில் நிறுத்தினான்.

"சரீங்க, மண்ணே வேண்டாம்" என்றாள் சத்யப்பிரியா. "வெறும் துணியில ஊத்துங்க. மண்ணு இல்லாத துணிக்கு ரத்தம் ஏதுங்க?"

"மந்திரிச்ச துணியை வெளையாட்டுக்குத் தொடக் கூடாது."

"நீங்க தொட வேண்டாமுங்க."

அவள் கணவனைப் பார்த்தாள். கூட்டமும் அவனைப் பார்த்தது. ராஜவேல் ஒப்பந்தத் தாளைப் பார்த்தான், சாமியைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். தலையை ஒருமுறை தொட்டுக்கொண்டான். பிறகு கையை நீட்டி இடப்பக்க அடுக்கிலிருந்து ஒரு துண்டை உருவினான்.

உருவியதுமே அவன் முகம் மாறியது. இத்தனை நாள் அந்தத் துணியை ஈரமாக மட்டுமே தொட்டிருக்கிறான். காய்ந்த துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் தேய்த்தான். இன்னொரு முறை தேய்த்தான். வலப்பக்க அடுக்கிலிருந்தும் ஒன்றை எடுத்துத் தேய்த்தான். ஆயிரம் ரோல் துணியைத் தேய்த்துப் பார்த்த விரல்கள் அவை. பயம் எதையும் அவை கேட்டுக்கொள்ளவில்லை.

"இது மெதுமெதுன்னு இருக்குது. இது வரட்டு வரட்டுன்னு இருக்குது." செம்பைப் பிடுங்கி இரண்டிலும் ஊற்றினான். ஒன்று மஞ்சள். ஒன்று ரத்தம். மண் ஒரு துளிகூட இல்லை.

ராஜவேலுக்குக் கோபம் வந்தது. ஏமாந்ததற்கான கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது தொழில் கோபம்.

"சோடாவுல முக்கிக் காய வெச்சிருக்கற! அலசக்கூட இல்லையாடா? ஆசிட் வாஷ் குடுத்து சோடாவை நியூட்ரல் பண்ணாத துணியை எவனாவது வெளிய எடுப்பானா? என்ற யூனிட்டுல இப்படி ஒரு ரோல் வந்திருந்தா அன்னைக்கே ஆளை நிறுத்தியிருப்பேன்!"

சத்யப்பிரியா பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பிழிந்தாள். சிவப்பு மறுபடியும் மஞ்சளானது. அதன் பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முன்வரிசைப் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அட, மஞ்சக்கறையில சோப்புப் போட்டா செவக்குமே!"

"எங்க ஊட்ல வாரா வாரம் பாக்கறதுதானுங்க!"

"அப்புறம் ஏனக்கா இத்தனை நாளா சொல்லலை?"

"அது ஊட்ல சோப்பு. இது சாமியாச்சேன்னு இருந்துட்டனுங்க."

ஜானகியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். சாமியின் தாடியை ஊன்றிப் பார்த்தார்.

"டேய், நீ சீனிச்சாமியல்ல? ராயபுரத்துல சைக்கிள்ல சோப்புத்தூள் வித்துக்கிட்டுத் திரிஞ்சவன்? அப்பவே உன்ற தூள்ல நொரை வராது."

பூமிநாடிச் சாமி எழுந்தார். தியானத்துக்கு நேரமாகிவிட்டது என்றார். தியான அறைக்குப் பின்கதவு உண்டு. ஆனால் பின்கதவுப் பக்கம் சாயப்பட்டறைக்காரர்கள் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெள்ளைத் துணியும் கொஞ்சம் மஞ்சள் தண்ணீரும். ஷேடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ போலீசுக்குப் போன் செய்து, தோப்பு எந்தப் பக்கம் என்று வழி சொல்லிக்கொண்டிருந்தார். வழி சொல்லத் தேவையே இருக்கவில்லை. வரப்போகிற எஸ்.ஐ. போன மாதம்தான் தன் சைட்டு மண்ணைக் கொடுத்து மஞ்சள் வாங்கிப் போயிருந்தார்.

தீனதயாளன் பேனாவை மூடி, ஒப்பந்தத்தை மடித்து, சத்தமில்லாமல் பைக் வரைக்கும் போய்விட்டார். உதைத்துக் கிளப்பியபோது பின்சீட் கனத்தது. திரும்பிப் பார்த்தார். ஆயம்மாள் சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எறங்குங்கக்கா. அவசர வேலை."

"போங்க தம்பி. போற வழியில என்ற சைட்டுல எறக்கி வுடுங்க. எந்த மாடி என்னோடதுன்னு அங்க போயிப் பேசிக்கலாம்."

அவள் இறங்கவில்லை. பைக்கும் நகரவில்லை. ரத்தம் கக்கிய சைட்டுகளை விற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து பைக்கைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

சத்யப்பிரியா மாமியாரைக் கைபிடித்து வாசலுக்கு அழைத்து வந்தாள். சாவிக்கொத்து விற்பவர் சாமி படத்தையெல்லாம் அவசரமாக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். வாட்டசாட்டமான ஒரு மனிதர், கழுத்தில் சங்கிலி, கையில் விலை உயர்ந்த போன், பின்னாலேயே ஓடி வந்தார். பயபக்தியோடு குனிந்து கேட்டார்.

"அம்மா, ஒரு நிமிசமுங்க. ரத்தத்தையே எடுத்துருச்சே, அந்த எலுமிச்சம்பழம் எந்தக் கடையில வாங்குனீங்க?"

ராஜவேல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். காது சிவந்திருந்தது. அது மட்டும் அசல்.

"பழம் எந்தக் கடையிலயும் கெடைக்குமுங்க" என்றாள் சத்யப்பிரியா. "புத்திதான் கடையில கெடைக்காது. அதை அவங்கவங்க ஊட்லயேதான் கட்டிக்கோணும்."

மேஸ்திரி கயிறு பிடித்தார். கூரைக்குக் கான்கிரீட் போட்ட அன்று ராஜவேல் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது உண்மைதான்; தலை இருந்தது. குடிபோன வாரத்தில் ஒரு சாயங்காலம் மழை வந்தது. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. சத்யப்பிரியா எடுக்க ஓடவில்லை. ஜன்னலுக்கு மேலே தகரத்தில் விழுந்த முதல் துளியிலிருந்து கடைசித் துளிவரை உட்கார்ந்து கேட்டாள். நிறைமாதக் கர்ப்பிணி யாரும் வந்து பக்கத்தில் உட்காரவில்லை. மாமியார்தான் வந்து உட்கார்ந்தார், "என்ன இது, ஒரே சத்தம்" என்று குறைபட்டுக்கொண்டே.

தோப்பு இப்போது காலியாக இருக்கிறது. அதனால் என்ன? மங்கலம் ரோட்டில் ஒருவர் செங்கல்லைக் காதில் வைத்து ஜாதகம் சொல்கிறாராம். வெள்ளிக்கிழமைகளில் கார் நிறுத்த இடமில்லையாம்.

கால் ஷேடு மாறினால் கப்பலில் ஏறிய சரக்கையே திருப்பி வாங்குகிற ஊர் இது. ஒரு பனியன் வாங்கினால்கூட உள்ளே வெளியே திருப்பித் தையல் பார்க்கிறீர்கள். நல்லது. அடுத்த முறை ஒரு சாமியாரை வாங்குவதற்கு முன்னாலும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.